உள்ளக அலைவாங்கி (எண்ணிமத் தொலைக்காட்சி)

உள்ளக அலைவாங்கி அல்லது உள்ளக ஆண்டெனா என்பது தரைவழியாக ஒளிபரப்பப்படும் தொலைக்காட்சிக் குறிகைகளை வீட்டிற்குள் இருந்தபடியே பெற உதவும் கருவி ஆகும். கூரையின் மீது நிறுவப்படும் அலைவாங்கியை விட இது சிறியது, விலை குறைந்தது, எளிதில் இடம் மாற்றத்தக்கது. கம்பிவடச் சேவைக்கோ செயற்கைக்கோள் சேவைக்கோ மாதக் கட்டணம் செலுத்தாமல் உள்ளூர் நிலையங்களைப் பார்க்க இது வழி செய்கிறது. வாடகை அடுக்ககங்களில் வாழ்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுவே கைக்கெட்டும் வழி ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் பின்பற்றப்படும் ஏ.டி.எஸ்.சி முறையை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை அமைந்துள்ளது.

எண்ணிம ஒளிபரப்பில் குறிகை நலிவடையும்போது படம் படிப்படியாக மங்குவதில்லை. ஓர் எல்லை வரை முழுத் தெளிவுடன் தெரியும் படம், அவ்வெல்லைக்குக் கீழே சென்றவுடன் உறைந்து, சிதறி, மறைந்து விடுகிறது. ஆகவே ஏற்பை மேம்படுத்துவது என்பது அந்த எல்லைக்கு மேல் போதிய உபரியை உண்டாக்குவதே ஆகும். இந்த உபரியைத் தீர்மானிப்பதில் அலைவாங்கி வைக்கப்படும் இடமும், அது எந்த அதிர்வெண் பட்டைக்கு ஏற்றது என்பதும் முதலிடம் பெறுகின்றன. பெருக்கி அவற்றுக்குப் பின்னரே வருகிறது.

வரலாற்றுப் பின்னணி

ஒப்புமைத் தொலைக்காட்சிக் காலத்தில் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் வைக்கப்பட்ட, இரு நீட்டுக் கம்பிகளைக் கொண்ட அலைவாங்கி அமெரிக்க வீடுகளில் பரவலாக இருந்தது. அதன் தோற்றம் கருதி அது 'முயல் காது' என அழைக்கப்பட்டது. அக்காலத்தில் குறிகை குறைந்தால் திரையில் வெண்புள்ளிகள் தோன்றும். கட்டடங்களில் பட்டுத் திரும்பிய அலைகள் சேர்ந்தால் உருவத்தின் அருகே நிழலுரு தோன்றும். படம் குறைபட்டாலும் நிகழ்ச்சியைப் புரிந்துகொள்ள முடிந்தது. கம்பிகளை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதையும் திரையே காட்டியது.

அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 1996 திசம்பரில் ஏ.டி.எஸ்.சி சீர்தரத்தை ஏற்றது. முழுத்திறன் நிலையங்களின் ஒப்புமை ஒளிபரப்பை 2009 பெப்ரவரி 17 அன்று நிறுத்தத் திட்டமிடப்பட்டிருந்தது. பழைய பெட்டிகளில் எண்ணிம ஒளிபரப்பைக் காண ஒரு மாற்றுப்பெட்டி தேவைப்பட்டது. அதனை வாங்க ஒரு வீட்டிற்கு 40 டாலர் மதிப்புள்ள சலுகைச் சீட்டுகள் இரண்டு வரை அரசால் வழங்கப்பட்டன. 2009 சனவரியில் இத்திட்டத்திற்கான நிதி வரம்பை எட்டியதால் விண்ணப்பித்தவர்கள் காத்திருக்க நேர்ந்தது. அதன் பின் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி மாற்ற நாள் 2009 சூன் 12 எனத் தள்ளி வைக்கப்பட்டது.

மாற்றுப்பெட்டி கிடைத்த வீடுகள் அனைத்திலும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. ஒப்புமைக் காலத்தில் புள்ளிகளுடனேனும் தெரிந்த சில நிலையங்கள் எண்ணிம முறையில் அறவே தெரியாமல் போயின. அலைவாங்கியின் இடமும் வகையும் மாற வேண்டிய தேவை அப்போதுதான் பலருக்கும் புலப்பட்டது.

எண்ணிம ஏற்பின் இயல்பு

ஏ.டி.எஸ்.சி முறையின் முதல் தலைமுறையில் ஒவ்வொரு நிலையமும் 6 மெகாஏர்ட்சு அகலமுள்ள ஓர் அலைத்தடத்தைப் பயன்படுத்துகிறது. அத்தடத்தின் வழியே நொடிக்கு ஏறத்தாழ 19.39 மெகாபிட் தரவு அனுப்பப்படுகிறது. 8-வி.எஸ்.பி எனும் பண்பேற்ற முறை இதற்குக் கையாளப்படுகிறது. தரவுடன் பிழைதிருத்தக் குறியீடுகளும் சேர்த்து அனுப்பப்படுவதால், வழியில் ஏற்படும் சிறு பிழைகளை ஏற்பியே திருத்திக் கொள்கிறது. திருத்தத்தக்க அளவை விடப் பிழைகள் மிகும்போது படம் சிதைகிறது.

இம்முறையில் படம் தெரிவதற்குக் குறிகையின் அளவு இரைச்சலின் அளவை விட ஏறத்தாழ 15 டெசிபெல் மிகுந்திருக்க வேண்டும். அதாவது குறிகையின் திறன் இரைச்சலின் திறனைப் போல் சுமார் 32 மடங்கு இருத்தல் வேண்டும். 16 டெசிபெல் கிடைக்கும் வீட்டிலும் 30 டெசிபெல் கிடைக்கும் வீட்டிலும் படத்தின் தரம் ஒன்றே. ஆனால் முதல் வீட்டில் ஒருவர் அறையைக் கடந்து நடந்தாலோ, வெளியே மரக்கிளைகள் காற்றில் அசைந்தாலோ, மேலே விமானம் பறந்தாலோ படம் உடையக்கூடும். இரண்டாம் வீட்டில் அவ்வாறு நிகழ்வது அரிது. இவ்வியல்பு 'செங்குத்துச் சரிவு விளைவு' என்று குறிப்பிடப்படுகிறது.

இதனால் திரையில் தெரியும் படத்தைக் கொண்டு மட்டும் அலைவாங்கி சரியாக வைக்கப்பட்டுள்ளதா என முடிவு செய்ய இயலாது. பெரும்பாலான தொலைக்காட்சிகளிலும் மாற்றுப்பெட்டிகளிலும் உள்ள குறிகைத் தர அளவியே இதற்குத் துணையாகும்.

அலைத்தடங்களும் பட்டைகளும்

அமெரிக்காவில் தொலைக்காட்சிக்கு ஒதுக்கப்பட்ட அதிர்வெண்கள் மூன்று பட்டைகளாக உள்ளன.

* தாழ் வி.எச்.எஃப்: தடங்கள் 2 முதல் 6 வரை, 54 முதல் 88 மெகாஏர்ட்சு வரை (72 முதல் 76 வரை நீங்கலாக).
* உயர் வி.எச்.எஃப்: தடங்கள் 7 முதல் 13 வரை, 174 முதல் 216 மெகாஏர்ட்சு வரை.
* யு.எச்.எஃப்: தடங்கள் 14 முதல் 36 வரை, 470 முதல் 608 மெகாஏர்ட்சு வரை.

யு.எச்.எஃப் பட்டை முன்னர் 69ஆம் தடம் வரை நீண்டிருந்தது. 2009ஆம் ஆண்டு மாற்றத்தின்போது அது 51ஆம் தடத்துடன் நிறுத்தப்பட்டது. 2016-2017இல் நடைபெற்ற அலைக்கற்றை ஏலத்திற்குப் பின் 38 முதல் 51 வரையிலான தடங்களும் தொலைக்காட்சியிடமிருந்து விலக்கப்பட்டன. 37ஆம் தடம் வானொலி வானியல் ஆய்வுக்கென ஒதுக்கப்பட்டது. இதன் விளைவாக ஏறத்தாழ 1000 நிலையங்கள் 2020 சூலைக்குள் வேறு தடங்களுக்கு மாறின.

திரையில் தோன்றும் எண்ணும் நிலையம் உண்மையில் பயன்படுத்தும் அலைத்தடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒப்புமைக் காலத்தில் மக்களுக்குப் பழகிய எண்ணைக் காட்டும்படி நிலையங்கள் தரவுடன் ஒரு குறிப்பை அனுப்புகின்றன. எடுத்துக்காட்டாக, சிகாகோவின் டபிள்யூ.பி.பி.எம் நிலையம் திரையில் 2 எனத் தோன்றினாலும், 2009 மாற்றத்தில் அது 12ஆம் தடத்திற்குச் சென்றது. எனவே அலைவாங்கியைத் தேர்ந்தெடுக்கும்போது திரை எண்ணை அன்றி உண்மைத் தடத்தையே கருத வேண்டும்.

உள்ளக ஏற்பில் வி.எச்.எஃப் தடங்கள் இடர் மிகுந்தவை. சிகாகோவின் டபிள்யூ.எல்.எஸ் நிலையம் 2009 சூனில் எண்ணிம ஒளிபரப்பை 7ஆம் தடத்திற்கு மாற்றியது. பார்வையாளர் பலருக்கு அது கிடைக்காமற் போகவே, அதே ஆண்டில் யு.எச்.எஃப் பட்டையின் 44ஆம் தடத்திற்குச் சென்றது. ஃபிலடெல்ஃபியாவின் டபிள்யூ.பி.வி.ஐ நிலையம் 6ஆம் தடத்தில் எண்ணிம ஒளிபரப்பைத் தொடங்கியபோதும் இத்தகைய முறையீடுகள் எழுந்தன. அதனால் அந்நிலையத்தின் ஒளிபரப்புத் திறன் உயர்த்தப்பட்டது.

இதற்கு இரு காரணங்கள் உள்ளன. முதலாவது அலைநீளம். 500 மெகாஏர்ட்சு அலையின் நீளம் 60 செ.மீ. அதற்கான அரையலை அலைவாங்கி சுமார் 30 செ.மீ நீளமே இருக்கும். 7ஆம் தடத்திற்கு அது சுமார் 85 செ.மீ ஆகவும், 2ஆம் தடத்திற்குச் சுமார் 2.6 மீட்டராகவும் உயர்கிறது. உள்ளக அலைவாங்கிகள் பலவும் இந்நீளத்தை விடச் சிறியவை. இரண்டாவது இரைச்சல். மின்வழங்கிகள், எல்.இ.டி விளக்குகள், மோட்டார்கள் முதலிய வீட்டுக் கருவிகள் வெளிவிடும் மின்காந்த இரைச்சல் தாழ் அதிர்வெண்களில் மிகுதியாக உள்ளது.

உள்ளக அலைவாங்கியின் வகைகள்

* முயல் காது: நீளத்தை மாற்றத்தக்க இரு கம்பிகளைக் கொண்டது. வி.எச்.எஃப் தடங்களுக்கு ஏற்றது.
* வளையம்: வட்டமாகவோ சதுரமாகவோ வளைக்கப்பட்ட கம்பி. யு.எச்.எஃப் தடங்களுக்கு ஏற்றது. முயல் காதுடன் இணைத்தும் விற்கப்படுகிறது.
* தட்டை அலைவாங்கி: மெல்லிய நெகிழித் தாளில் உலோகப் படலம் பதிக்கப்பட்டது. சுவரிலோ சன்னலிலோ ஒட்டுவதற்கு எளிது. யு.எச்.எஃப் தடங்களில் நன்கு இயங்கும், தாழ் வி.எச்.எஃப் தடங்களுக்குப் பெரும்பாலும் போதாது.
* வண்ணத்துப்பூச்சி வடிவ அலைவாங்கி: 'வி' வடிவக் கம்பிகளும் அவற்றின் பின்னால் ஓர் உலோக வலையும் கொண்டது. வலை பின்னிருந்து வரும் அலைகளைக் குறைத்து, முன்னிருந்து வருபவற்றை வலுப்படுத்துகிறது. இது குறிப்பிட்ட திசை நோக்கி வைக்கப்பட வேண்டியது.

'எண்ணிம அலைவாங்கி' என்று தனியாக ஒரு வகை இல்லை. அலைவாங்கி மின்காந்த அலையை மின்னோட்டமாக மாற்றுகிறது. அவ்வலையில் ஏற்றப்பட்டுள்ள தகவல் ஒப்புமையா எண்ணிமமா என்பது அதற்குப் பொருட்டன்று. நல்ல நிலையிலுள்ள பழைய முயல் காதும் வளையமும் எண்ணிம ஒளிபரப்புக்கும் பயன்படும்.

வீட்டிற்குள் குறிகை இழக்கப்படும் வழிகள்

மரச்சட்டமும் சுண்ணப்பலகையும் கொண்ட சுவர்களைத் தொலைக்காட்சி அலைகள் ஓரளவு எளிதில் கடக்கின்றன. செங்கல், கற்காரைச் சுவர்களில் இழப்பு மிகுதி. உலோகமே பெருந்தடை ஆகும். அது வெளிப்படையாகத் தெரியாத இடங்களிலும் இருக்கும். வெப்பக் காப்புப் பலகையின் மேலுள்ள அலுமினியத் தாள், வெளிச்சுவர்ப் பூச்சுக்கு அடியிலுள்ள கம்பி வலை, வெப்பத்தைத் தடுக்கச் சன்னல் கண்ணாடியில் இடப்படும் மெல்லிய உலோகப் பூச்சு ஆகியன இதற்கு எடுத்துக்காட்டுகள். இத்தகைய கண்ணாடி உள்ள வீட்டில் சன்னலை விட அருகிலுள்ள மரச்சுவர் சிறந்த இடமாக அமையக்கூடும்.

இரண்டாவது சிக்கல் பல்வழிப் பரவல். கோபுரத்திலிருந்து நேராக வரும் அலையுடன், கட்டடங்களிலும் அறைச் சுவர்களிலும் பட்டுத் திரும்பும் அலைகளும் அலைவாங்கியை அடைகின்றன. 300 மீட்டர் கூடுதலாகப் பயணித்த அலை ஒரு மைக்ரோநொடி தாமதமாக வந்து சேர்கிறது. ஏற்பியில் உள்ள சமன்செய் சுற்று இதனைச் சரிசெய்ய முயலும். எனினும் திரும்பிய அலைகள் மிக வலுவாக இருந்தால் அதனால் இயலாது. 'குறிகை வலிமை' நிறைவாக இருந்தும் படம் உடைவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

நேரலையும் திரும்பிய அலையும் சில இடங்களில் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. சில இடங்களில் அழிக்கின்றன. இவ்விடங்களுக்கு இடையிலான தொலைவு அலைநீளத்தின் ஒரு பகுதியே ஆகும். எனவே யு.எச்.எஃப் தடங்களில் அலைவாங்கியை 15 அல்லது 30 செ.மீ நகர்த்துவது கூடப் பெரிய மாற்றத்தைத் தரும்.

ஏற்பை மேம்படுத்தும் முறைகள்

பின்வரும் வரிசையில் முயல்வது பயனுள்ளது. செலவில்லாத படிகள் முதலில் தரப்பட்டுள்ளன.

1. கோபுரத்தின் திசையை அறிதல்: வீட்டின் முகவரியை அளித்தால், அங்கு கிடைக்கத்தக்க நிலையங்களையும் அவற்றின் உண்மைத் தடத்தையும் திசையையும் காட்டும் வரைபடத்தைக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் இணையத்தில் வழங்குகிறது.

2. இடத்தை மாற்றுதல்: கோபுரத்தை நோக்கிய வெளிச்சுவரின் அருகில், இயன்ற அளவு உயரத்தில் அலைவாங்கியை வைக்க வேண்டும். மேல்மாடி கீழ்த்தளத்தை விடச் சிறந்தது. தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறமும் உலோக அலமாரியின் அருகும் தவிர்க்க வேண்டிய இடங்கள்.

3. நீளத்தையும் கிடையையும் சரிசெய்தல்: அமெரிக்க நிலையங்கள் பொதுவாகக் கிடைநிலை முனைவாக்கத்துடன் ஒளிபரப்புகின்றன, சில நிலையங்கள் செங்குத்துக் கூறையும் சேர்த்து அனுப்புகின்றன. எனவே முயல் காதின் கம்பிகளைப் படுக்கையாக விரித்து, அவற்றின் அகன்ற பக்கம் கோபுரத்தை நோக்குமாறு வைப்பது நல்ல தொடக்கம் ஆகும். உயர் வி.எச்.எஃப் தடங்களுக்கு ஒவ்வொரு கம்பியும் சுமார் 40 செ.மீ இருந்தால் போதும். முழுவதும் நீட்டத் தேவையில்லை. தாழ் வி.எச்.எஃப் தடங்களுக்கு முழுவதும் நீட்ட வேண்டும்.

4. அளவியைக் கவனித்தல்: மிக நலிந்த நிலையத்தைத் தேர்ந்து, குறிகைத் தர அளவியைத் திரையில் வைத்துக்கொண்டு அலைவாங்கியைச் சிறிது சிறிதாக நகர்த்த வேண்டும். ஒவ்வொரு முறையும் கையை எடுத்து விலகி நின்று, அளவி நிலைபெறச் சில நொடிகள் பொறுக்க வேண்டும். மனித உடலும் அலைகளைத் தடுக்கவும் திருப்பவும் செய்யும்.

5. இரைச்சல் மூலங்களை நீக்குதல்: அருகிலுள்ள விளக்கு, மின்வழங்கி, கணினி ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் எது இடையூறு செய்கிறது என்பது தெரியும்.

6. வடத்தைச் சரிபார்த்தல்: தளர்ந்த இணைப்பும் நைந்த வடமும் ஏற்பைக் கெடுக்கும். ஆர்.ஜி-6 வகைக் கோஆக்சியல் வடத்தில் யு.எச்.எஃப் குறிகை 30 மீட்டருக்கு ஏறத்தாழ 5 டெசிபெல் இழக்கிறது. ஒரு குறிகையை இரு பெட்டிகளுக்குப் பிரிக்கும் பிரிப்பான் சுமார் 3.5 டெசிபெல் இழப்பைத் தருகிறது. பயன்படாத பிரிப்பானை அகற்றுவதே நல்ல மேம்பாடு ஆகும்.

7. மீண்டும் தேடுதல்: நிலையங்கள் தடம் மாறும்போது, தொலைக்காட்சியில் அலைத்தடத் தேடலை மீண்டும் இயக்கினாலன்றி அவை தோன்றா. அலைவாங்கியின் இடத்தை மாற்றிய பின்பும் இதனைச் செய்ய வேண்டும்.

ஓரிடத்தில் எல்லா நிலையங்களும் கிடைக்காமல் போகலாம். கோபுரங்கள் வெவ்வேறு திசைகளில் உள்ள ஊர்களில், வீட்டார் மிகுதியாகப் பார்க்கும் நிலையங்களுக்கு ஏற்ற இடத்தைத் தேர்வதே நடைமுறைக்கு உகந்தது.

பெருக்கியின் பயனும் வரம்பும்

பெருக்கி குறிகையுடன் இரைச்சலையும் சேர்த்தே பெருக்குகிறது. தன் பங்காகவும் சிறிது இரைச்சலைச் சேர்க்கிறது. எனவே அலைவாங்கிக்கு வந்து சேராத குறிகையை அது உருவாக்க இயலாது. அலைவாங்கிக்குப் பின்னர் வடத்திலும் பிரிப்பானிலும் ஏற்படும் இழப்பை ஈடுசெய்வதே அதன் முதன்மைப் பயன்.

எடுத்துக்காட்டாக, அலைவாங்கியை நேரடியாகத் தொலைக்காட்சியில் இணைத்தால் 22 டெசிபெல் குறிகை-இரைச்சல் விகிதம் கிடைப்பதாகக் கொள்வோம். தேவை 15 என்பதால் உபரி 7 டெசிபெல். இடையில் 15 மீட்டர் வடமும் (2.5 டெசிபெல்) ஒரு பிரிப்பானும் (3.5 டெசிபெல்) சேர்ந்தால் உபரி 1 டெசிபெலாகச் சுருங்குகிறது. படம் இப்போதும் தெளிவாகவே தெரியும். ஆனால் அடிக்கடி உடையும். அலைவாங்கியின் அருகிலேயே நல்ல பெருக்கியைப் பொருத்தினால் இழந்த 6 டெசிபெலில் பெரும்பகுதி மீள்கிறது. அதே பெருக்கியைத் தொலைக்காட்சியின் அருகில், வடத்திற்கும் பிரிப்பானுக்கும் பின்னர்ப் பொருத்தினால் பயன் குறைவு. இழப்பு அதற்கு முன்னரே நிகழ்ந்து விடுகிறது.

கோபுரத்திற்கு மிக அருகிலுள்ள வீடுகளில் பெருக்கி தீங்கு செய்யும். அருகிலுள்ள நிலையத்தின் வலுவான குறிகை பெருக்கியை அல்லது ஏற்பியைத் திணறச் செய்து, நலிந்த நிலையங்களையும் மறைத்து விடும். தொலைக்காட்சியிலிருந்து விலக்கப்பட்ட அதிர்வெண்களில் இயங்கும் செல்பேசிக் கோபுரங்களும் இவ்வாறு இடையூறு செய்யலாம். 608 மெகாஏர்ட்சுக்கு மேற்பட்ட அலைகளைத் தடுக்கும் வடிகட்டி அந்நிலையில் உதவும்.

பொதுவான தவறான கருத்துகள்

* அட்டைப்பெட்டியில் குறிக்கப்படும் மைல் தொலைவு: ஒரு அலைவாங்கி எட்டும் தொலைவு கோபுரத்தின் உயரம், ஒளிபரப்புத் திறன், நிலவமைப்பு, சுவர்கள் ஆகியவற்றைப் பொறுத்தது. எனவே அலைவாங்கிக்கென்று நிலையான தொலைவு எதுவும் இல்லை.
* உயர்துல்லியத்திற்குத் தனி அலைவாங்கி தேவை என்பது: உயர்துல்லிய நிகழ்ச்சியும் பிற நிகழ்ச்சிகளும் ஒரே அலைத்தடத்தில் தரவாகவே வருகின்றன.
* அலுமினியத் தாளைச் சுற்றினால் ஏற்பு உயரும் என்பது: தாள் தற்செயலாக நல்ல எதிரொளிப்பியாக அமைந்தால் ஒரு தடம் மேம்படலாம், அதுவே பிற தடங்களைக் கெடுக்கவும் கூடும்.

முக்கியத்துவமும் வரம்புகளும்

தரைவழித் தொலைக்காட்சி அமெரிக்காவின் அவசர எச்சரிக்கை முறைமையின் ஓர் அங்கம் ஆகும். சுழற்காற்று, வெள்ளம், காட்டுத்தீ முதலியவற்றின்போது இணையமும் கம்பிவடமும் அறுபட்டாலும், நிலையம் இயங்கி, வீட்டில் மின்சாரம் அல்லது மின்கலத் தொலைக்காட்சி இருக்கும் வரை உள்ளூர்ச் செய்தி கிடைக்கும். புயல் வேளையில்தான் மரங்கள் அசைகின்றன, அலைப்பரவலும் மாறுகிறது. எல்லையை ஒட்டி இயங்கும் வீட்டில், செய்தி மிகவும் தேவைப்படும் அந்நேரத்திலேயே படம் மறையக்கூடும். அமைதியான நாளில் படம் தெரிகிறது என்பதுடன் நின்றுவிடாமல், அளவியில் உபரியைத் தேடி வைப்பதன் பயன் இதுவே.

எல்லா இடர்களையும் உள்ளக அலைவாங்கியால் தீர்க்க இயலாது. மலை மறைவிலும் அடித்தளத்திலும் உலோகச் சுவர் சூழ்ந்த வீடுகளிலும் குறிகை போதிய அளவு உட்புகுவதில்லை. அந்நிலையில் அலைவாங்கியை வெளியே வைப்பதே தீர்வு. கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையத்தின் விதிப்படி, வாடகைக்குக் குடியிருப்பவரும் தமக்கு மட்டுமே உரிய மாடிமுகப்பு போன்ற பகுதியில் தொலைக்காட்சி அலைவாங்கியை வைத்துக்கொள்ளலாம். பாதுகாப்புக் காரணங்கள் போன்ற சில விலக்குகள் இதற்கு உண்டு.

2017 நவம்பரில் ஏ.டி.எஸ்.சி 3.0 எனும் அடுத்த தலைமுறை முறையை நிலையங்கள் விரும்பினால் பயன்படுத்த ஆணையம் இசைவளித்தது. அதற்கு முன்னரே, 2017 மே மாதத்தில், தென்கொரியா இதில் ஒளிபரப்பைத் தொடங்கியிருந்தது. இம்முறை தரவைப் பல துணை அலைகளில் பகிர்ந்து அனுப்புவதால் பல்வழிப் பரவலை நன்கு தாங்குகிறது. இதற்குப் புதிய ஏற்பி தேவை; அலைவாங்கியை மாற்ற வேண்டியதில்லை.

இவற்றையும் பார்க்க

* எண்ணிமத் தொலைக்காட்சி
* அலைநீளம்
* டெசிபெல்
* பண்பேற்றம்
* முனைவாக்கம்